சோறு கடைசியில் வந்த விருந்து

எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. போன அடைமழையில் பக்கத்துத் தோட்டத்தில் மண் சரிந்தபோது விழுந்த வெடிப்பு. முதலில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரிதான் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து மம்பட்டிப் பிடியை உள்ளே விட்டுப் பார்த்தோம், முழுப் பிடியும் இறங்கியது. மேலே தேயிலை, நடுவில் வெடிப்பு, கீழே லயத்து வரிசை அறைகளில் நாங்கள்.

மண்ணைச் சோதிக்க வந்த அதிகாரிகள் பார்த்துவிட்டு, இங்கே ஆட்கள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறெங்கே இருப்பது என்பதை யாரும் சொல்லவில்லை. மழை பெய்யும் இரவுகளில் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுத்தோம். புதுத் தவணை தொடங்கியதும் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்று மண்டபத்தையும் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, அதே மண்டபத்தில் படித்தவன்தான் நானும்.

தொழிற்சாலை ரோட்டுக்குக் கீழே ஒரு சமதரை இருக்கிறது. அங்கே தேயிலை செத்து மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. அதைக் கொடுத்தால் தகரக் கொட்டில் போட்டாவது இருந்துகொள்கிறோம் என்று கேட்டோம். தோட்ட முகாமையாளரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். துரை ஒவ்வொரு முறையும் மேலிடத்தில் கேட்டிருப்பதாகச் சொன்னார். அந்த மேலிடம் எது, அது எந்த மலையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வைகாசி பிறந்துவிட்டது. எங்கள் பொகவந்தலாவைப் பக்கத்து மழை வைகாசி கடைசியில் இறங்கினால், ஆவணி வரைக்கும் மூச்சு விடாது.

அந்த நேரத்தில்தான் கணக்கப்பிள்ளை வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஜப்பான்லருந்து ஒரு பெரிய மெடம் வந்திருக்காங்க. நம்ம தோட்டத்து நல்ல தேயில பூரா அவங்கதான் வாங்குறாங்களாம். கொழுந்தெடுக்குற அம்மா பெத்து, கெம்பஸ் போய்ப் படிச்ச பிள்ளை ஒன்னைப் பாக்கணும்னு கேட்டாங்களாம். தொர ஒங்க பேரச் சொல்லிட்டாரு. நாளைக்கு நுவரெலியாவுல பகல் சாப்பாடு. ஜப்பான் ஓட்டல்ல. சப்பாத்து போட்டுட்டு வாங்க."

எங்கள் லயத்தில் பல்கலைக்கழகம் போனவன் நான் ஒருவன்தான். ஹட்டனில் ஒரு தனியார் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைக் காட்டுவதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அது எனக்கு அவமானமாகப் படவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் துரை அந்தப் புல்தரையைக் கொடுப்பார். வாங்குகிறவர் சொல்லுக்கு விற்கிறவர் மறுப்புச் சொல்ல மாட்டார். அந்த அம்மா மறுநாள் இரவே விமானம் ஏறப்போகிறார் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். எனக்கு இருந்தது அந்த ஒரு சாப்பாட்டு நேரம்.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். அம்மாவின் தம்பி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். துரைமாரோடு பேசிப் பேசி நரைத்த தலை.

"இந்தா பாரு, போனவொடனே ஆரம்பிச்சிராத" என்றார். "சாப்பிடுற மனுசன்கிட்ட கெட்ட சேதி சொல்லக்கூடாது. ஒனக்குத் தெரியாததா? சாப்பிட்டு, கை கழுவி, வாயத் தொடைக்கிற நேரம் இருக்கு பாரு, அப்பப் போய் நில்லு. வயிறு நெறஞ்ச மனுசன் இல்லன்னு சொல்ல மாட்டான்."

"தொர சாப்பிட்டுட்டு இல்லன்னுதான சொன்னாரு?" என்றாள் அம்மா.

"அவரு வயிறு நெறயாதுக்கா. அது வேற வயிறு."

அம்மா சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பச்ச மீன் குடுப்பாங்களாமே? மொகத்தச் சுளிக்காம தின்னுரு, சாமி. கேக்கப் போற எடத்துல தட்டுல மிச்சம் வைக்கக்கூடாது."

சாப்பிடுகிறவரிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டில் வெறும் பேச்சு இல்லை. அப்பா மரம் வெட்டுகிற வேலையில் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு விடுமுறை நாளில் அம்மாவுக்குப் பகல் சாப்பாடு எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் உட்கார்ந்து அம்மா ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் ஓடி வந்தார். அம்மா சாப்பிடுவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "என்னாண்ணே?" என்று அம்மா கேட்டாள். "நீ சாப்பிடு தங்கச்சி" என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தபடியே மிச்ச ரொட்டியைத் தின்று முடித்து, போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினாள். அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பற்றி அவர் வாயைத் திறந்தார். இத்தனை வருடம் கழித்தும் அம்மா அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுவாள். "நல்ல மனுசன், என்னைய பட்டினியா அழ விடல" என்பாள்.

அதனால் மாமா சொன்னது எனக்குப் புதிய யோசனை இல்லை. அது எனக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

நுவரெலியா ஓட்டல் பழைய வெள்ளைக்காரர் பங்களா. அதன் பின்பக்கத்தில் ஜப்பான் சாப்பாட்டறை, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகளோடு. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கடன் வாங்கிப் போட்டுப்போன சப்பாத்து, விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. கழற்றியதும் கோயில் வாசலில் நிற்பது மாதிரி இருந்தது, பயம் கொஞ்சம் குறைந்தது.

உள்ளே பாய் விரித்த தரை. தாழ்ந்த மேசை. அந்த அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை முடி, சாம்பல் நிறச் சட்டை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு சிங்களப் பெண், கொழும்பிலிருந்து வந்தவள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். துரையால் முடியவில்லை. ஒரு காலை மடக்கினால் மறு கால் மேசைக்கடியில் போய் அந்த அம்மாவைத் தொட்டது.

"ஒனக்கு லேசுதானே தம்பி" என்றார் தமிழில், மூச்சு வாங்க. "எனக்கு இந்த முட்டி செத்துப்போச்சு."

பெரட்டுக் களத்தில் துரை முன்னால் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலை நேரத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது, துரைக்கு மட்டும்தான் நாற்காலி. இப்போது அவர் தலையும் என் தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. அது எனக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்தது.

முதலில் ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டி ஆவி பறக்கக் கொடுத்தார்கள். அந்த அம்மா அதை விரித்து இரண்டு கைகளையும், விரல் இடுக்குகளையும், நிதானமாகத் துடைத்து மடித்து வைத்தார். நானும் துடைத்தேன். பயணக் களைப்புக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. விரல் நீளத் தட்டில் இரண்டு வாய்க்குக் காணாத கீரை. ஐஸ் மேல் மூன்று துண்டுப் பச்சை மீன். அம்மா சொன்னபடி முகம் சுளிக்காமல் விழுங்கினேன். மீன் வாடை இல்லை. குளிர்ந்த வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கிண்ணத்தில் தெளிந்த சாறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார். எத்தனை மைல் நடந்து பள்ளிக்கூடம் போனாய்? அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாரா? லயத்தில் இருந்தபடி எப்படிப் படித்தாய்? மொழிபெயர்க்கிற பெண் சிங்களத்தில் கேட்க, நான் சிங்களத்தில் பதில் சொன்னேன்.

இப்போது நினைத்தால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு கதவு. லயம் என்ற சொல் அவர் வாயிலேயே வந்தது. "வீடு எப்படி இருக்கிறது?" என்றுகூடக் கேட்டார். ஆனால் அவர் குச்சியில் ஒரு துண்டு மீன் இருந்தது. அதை வாயில் போட்டு மென்றுகொண்டு, தலையைச் சாய்த்து, என் பதிலுக்குக் காத்திருந்தார். மென்றுகொண்டிருக்கிற முகத்தைப் பார்த்து, எங்கள் மேல் மலை விழப்போகிறது என்று எப்படிச் சொல்வது?

"நல்லா இருக்கு" என்றேன். "சின்ன வீடு."

துரை என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

அடுத்த தட்டில் வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்தை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்திருந்தார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும், கூடையில் விழுகிற அதே அளவில். எங்கள் தோட்டத்துக் கொழுந்து என்றார் துரை, காலையில்தான் அனுப்பி வைத்தாராம். எத்தனையோ தலைமுறையாகக் கொழுந்து எடுக்கிற எங்கள் ஆட்கள் அதைப் பொரித்துத் தின்று நான் பார்த்ததில்லை. உப்புத் தொட்டுக் கடித்தேன். மொறுமொறுப்புக்குப் பின்னால் அம்மாவின் விரல்களில் வருகிற அந்தக் கசப்பு வாடை.

"வீட்டில் இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்ல. வீட்டுக்கு மிச்சம் விழுற டஸ்ட் தூள்தான் வரும்" என்றேன்.

மொழிபெயர்த்ததும் அவர் சிரிக்கவில்லை, குச்சியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் துரை தன் முட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நகைச்சுவை சொன்னார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

சன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். ஹட்டன் பக்கம் கறுத்துக் கிடந்தது. ஆனாலும் நேரம் இருக்கிறது என்றே நம்பினேன். ஏனென்றால் சோறு இன்னும் வரவில்லை. சோறு வராத வரைக்கும் அது எங்களுக்குச் சாப்பாடே இல்லை. வந்ததெல்லாம் பலகாரக் கணக்கு. சோறு வரும், சோற்றைச் சாப்பிடுவார்கள், அப்புறம் எழுந்து கை கழுவப் போவார்கள். சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சிங்களத்தில் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டேன்: எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. கீழே ஒரு வெற்றுத் தரை இருக்கிறது. அதை எங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சோறு வந்தது. உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில், ஊறுகாய்த் துண்டுகளோடு. அப்பாடா, இனித்தான் சாப்பாடு தொடங்குகிறது என்று நினைத்தேன். அந்த அம்மா கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். குழம்புக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. நானும் வெறுஞ்சோற்றை வழித்துச் சாப்பிட்டேன். பிறகு தேத்தண்ணி வைத்தார்கள், பச்சை நிறத்தில்.

நான் எழுந்தேன். பெரியவர்களுக்கு முன்னால் போய்த் தண்ணீர் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டால், அந்த அம்மா கை கழுவ வரும்போது தனியாகப் பிடித்துவிடலாம். கல்யாண வீடுகளில் தண்ணீர் விழுகிற பீலியடியில் நின்றுதானே பாதிக் காரியத்தைப் பேசி முடிக்கிறார்கள்.

கை கழுவுமிடம் நடைபாதைக் கோடியில் இருந்தது. கருங்கல்லைக் குடைந்து செய்த தொட்டி. வெந்நீர் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். நடைபாதையில் காலடி கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. குழாயைத் திறந்தேன், மூடினேன்.

வெள்ளைக் கோட் போட்ட ஓட்டல்காரர் ஒருவர், நடுத்தர வயது, எட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததும் நம் ஆள் என்று தெரிந்தது.

"தம்பி, யாருக்கு நிக்கிறீங்க?"

"அந்த மெடம் கை கழுவ வருவாங்கல்லண்ணே."

"இங்க யாருங்க சாப்பிட்டுக் கை கழுவுறா? குச்சியிலதான சாப்பிட்டாங்க. மொதல்லயே சுடுதுண்டு குடுத்தோமே, அதான் கை கழுவுறது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்காளுங்க கெளம்பிட்டாங்களே. காரு வாசல்ல நிக்கிது."

ஓடினேன். சாப்பாட்டறை காலி. தேத்தண்ணிக் கிண்ணங்கள் கழுவி வைத்தது போல் சுத்தமாக இருந்தன. சப்பாத்தைத் தேடி நேரத்தைக் கழிக்கவில்லை. வெறுங்காலோடு வாசலுக்குப் போனேன். தூறல் தொடங்கியிருந்தது. அந்த அம்மா காருக்குள் ஏறிவிட்டார். கண்ணாடி இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலை குனிந்து வணங்கினார், சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று அவருக்கும் மனதில் இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, மெடத்துக்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்றேன் மொழிபெயர்க்கிற பெண்ணிடம்.

அடுக்கி வைத்திருந்த வாக்கியம் அடுக்குக் குலைந்து வந்தது. மலை என்றேன், வெடிப்பு என்றேன், அம்மா என்றேன், மழை என்றேன். தரையைப் பற்றி நான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மாறியது. திரும்பி ஜப்பானியத்தில் வேகமாகச் சொன்னாள். அந்த அம்மா என்னையே பார்த்தார். என் வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"மல்லி" என்றாள் அந்தப் பெண், சிங்களத்தில் தம்பியை அழைப்பதுபோல. "இவ்வளவு நேரம் ஒன்னா இருந்தோமே, சாப்பிடும்போது ஏன் சொல்லலன்னு கேக்குறாங்க. ஒங்களோட பேசத்தான் அந்தச் சாப்பாட்டையே வைக்கச் சொன்னாங்களாம்."

நான் கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் துரையின் கை என் தோளில் விழுந்தது. குனிந்து கண்ணாடி வழியாக ஆங்கிலத்தில் பேசினார். நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன், ஒரு சொல் தப்பாமல் புரிந்தது. அந்தக் குடும்பங்களை மாற்ற எல்லா ஏற்பாடும் நடக்கிறது, நிலம் பார்த்தாகிவிட்டது, இவன் சின்னப் பையன், பயந்திருக்கிறான். அந்தப் பெண் அதையும் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாவின் தோள் இறங்கியது, பெருமூச்சு விட்டார். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் கார் கண்ணாடிக்குள்ளிருந்தே ஒருமுறை அழுத்தினார். நிம்மதி அடைந்த மனுசியின் கை அது. கார் போய்விட்டது.

"நெலம் பாத்தாச்சா சேர்?" என்று கேட்டேன்.

துரை குடையை விரித்தார். "வாசல்ல வச்சி சொல்ற கதையா தம்பி இது? ஒன்னைய நம்பித்தானே கூட்டியாந்தேன்." அவர் குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவருடைய ஜீப் தோட்டத்துக்குப் போகிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் ஏறச் சொல்லவில்லை.

சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டு போய் பஸ் ஏறினேன். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன். பஸ் கண்ணாடியில் மழை அடித்தது. நோர்வூட் தாண்டும்போது ரோட்டில் செம்மண் தண்ணீர் ஓடியது. கை கழுவித் துடைத்த பிறகுதான் சேதி சொல்லலாம் என்றால், அவர்கள் வழக்கத்தில் அது சாப்பாட்டுக்கு முதலே முடிந்திருந்தது. ஆவி பறக்கிற அந்தத் துண்டைக் கையில் வாங்கியதிலிருந்தே எனக்கு அனுமதி இருந்திருக்கிறது. அதை நினைத்து நினைத்து முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பின்பக்கம் மாமா டோர்ச் அடித்து வெடிப்பைப் பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, பருப்பு, சுட்ட கருவாடு.

"வாடா வா. என்னா சொன்னாங்க?" என்றார் மாமா.

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். "அம்மா சாப்பிடட்டும் மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. மாமா டோர்ச்சை அணைத்தார், பிறகு போட்டார், மறுபடி அணைத்தார். "வெளிய தண்ணி வழியுது, அது ஓடக் கானத் தோண்டி விடுறேன்" என்று மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். மடுவத்தில் அன்றைக்கு அவள் அந்த மனுசனைப் பார்த்த பார்வை.

"பச்ச மீன் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"குடுத்தாங்கம்மா."

"தின்னியா?"

"தின்னேன். மிச்சம் வைக்கல."

"வேற?"

"கொழுந்துல பஜ்ஜி போட்டுக் குடுத்தாங்க."

"கொழுந்துலயா?" சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அடப்பாவிங்களா, அதையும் திங்கிறாங்களா. நாங்க எடுத்ததா?"

"நம்ம தோட்டத்துக் கொழுந்துதான்."

தகரத்தின் மேல் மழை இறங்கியது. மேலே, மலைக்குள், எங்கேயோ ஒரு கல் உருண்டு நிற்கிற சத்தம். இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவின் தட்டு காலியாகிவிட்டது. தண்ணீர்ச் செம்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் செம்பை எடுக்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடு, சாமி" என்றாள்.

போட்டேன். மெதுவாகப் பிசைந்தாள். ஒவ்வொரு பருக்கையாக எடுத்துச் சாப்பிட்டாள். அது தீர்ந்ததும் மறுபடி கேட்டாள். சட்டியில் இருந்தவரைக்கும் நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.